கனடாவின் வினிபெக்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல். தீபாவளிக்கு முன் வந்த உங்கள் கடிதத்துக்கு மாசி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். வேலை அதிகம் என்றால் அம்மா நம்புவாள், நீங்கள் நம்பமாட்டீர்கள். வரும் ஜூலை 1 முதல் நம் ஊர் ரோட்டரி சங்கத்துக்கு நீங்கள் தலைவர் என்பதில் மகிழ்ச்சி. வாரக் கூட்டத்துக்கு ஆள் குறைந்துகொண்டே போகிறது, அங்கே எப்படித் தக்கவைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னீர்கள். விசாரிக்க நான் வெகுதூரம் போகவில்லை.

மைனஸ் 30 குளிரிலும் கோட்டுப் பித்தானைப் போடாமல் வாசலில் நின்று பேசும் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றித் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவர் நாற்பது வருட ரோட்டரி உறுப்பினர். இங்கே எஞ்சின் உறையாமலிருக்க இரவில் காரைக் கட்டுத்தறி மாடு போல மின்கம்பியில் மாட்டிவைப்பார்கள். விடியற்காலையில் அதை அவிழ்க்க வருபவர், என் வாசல் பனியையும் தள்ளிவிட்டு, நான் எழுவதற்குள் போய்விடுவார். செவ்வாய்க்கிழமை மதியக் கூட்டத்துக்கு அவர்தான் என்னை விருந்தாளியாக அழைத்துப் போகிறார். 1905இல் சிகாகோவில் நான்கு பேர் முறைவைத்து, சுழற்சியாக ஒவ்வொருவர் அலுவலகத்தில் கூடியதால் வந்த பெயர்தான் ரோட்டரி என்பது நீங்கள் அறிந்ததே. அமெரிக்காவுக்கு வெளியே முதல் சங்கம் 1910இல் இதே வினிபெக்கில்தான் அமைந்தது என்பதைத் தன் தாத்தா சொத்துப் போலச் சொல்லிக்கொள்கிறார்.

நுழைவாயிலில் ஒரு மரப்பலகை, அதில் உறுப்பினர்களின் பெயர் வில்லைகள் வரிசையாகத் தொங்குகின்றன. வருபவர் தன் வில்லையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வார். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் செயலாளர் பலகையைப் பார்த்து, எடுக்கப்படாமல் தொங்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுகிறார். கூட்டத்துக்கு இத்தனை சதவீதம் வந்தே ஆகவேண்டும், தவறினால் வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போயாவது ஈடுகட்டவேண்டும் என்ற பழைய கண்டிப்பை 2016இல் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் செயலாளர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் சார்ஜன்ட் என்பவர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவருவார். பேரன் பிறந்தவர் ஒரு டாலர், தாமதமாக வந்தவர் ஒரு டாலர் போடவேண்டும்; போடும்போது காரணத்தை எழுந்து சொல்லவேண்டும், அதில்தான் ஒருவர் குடும்பம் மற்றவருக்குத் தெரிகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதமே கையில் வேலை: சூப் கரண்டியோ, நன்கொடை ரசீதுப் புத்தகமோ. நம் ஊரில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்ட பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை. அவர் வராமல் போவதில் வியப்பில்லை என்பது என் எண்ணம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னையும் சேரச் சொல்கிறார். சந்தாவும் வாரச் சாப்பாடும் பெரிய தொகையில்லை, நேரம்தான் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். சென்ற மாதம் இரண்டு வாரம் போகாமலிருந்தேன். இரண்டாம் செவ்வாய் மாலை அவர் கதவைத் தட்டி, காகிதத்தில் சுற்றிய ரொட்டியைக் கொடுத்து, ‘உனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தோம்’ என்றார். கதவைச் சாத்திய பிறகு வெகுநேரம் விளக்கைப் போடத் தோன்றவில்லை. அம்மா இலை போடும்போது தலைகளை எண்ணுவாளே, இப்போதும் கைமறதியாக ஒரு இலை கூடுதலாகப் போடுகிறாளா?

அது இருக்கட்டும். தங்கைக்குப் பார்த்திருக்கும் மதுரை வரனிடம் வைகாசிக்கு முன் வாக்குக் கொடுக்கவேண்டாம்; மாப்பிள்ளை வேலையைச் சித்தப்பா நேரில் போய் விசாரிக்கட்டும். கிணற்றடி மனை பற்றிப் பெரியப்பா கையெழுத்துக் கேட்டால், பத்திரத்தை வாங்கிப் பார்க்காமல் போடாதீர்கள். நகைக்கடன் வட்டியை இந்த மாதம் அனுப்ப முடியவில்லை, இங்கே சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள். பங்குனியில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம்.

தங்கள் அன்பு மகன்