அப்பாவுக்கு இங்கே ஊற்றிய நீர்

பாங்காக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்காவைக் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். நீயே எழுது.

போன வாரம் தொலைபேசியில், "மகாளய அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தாயா? அந்த ஊரில் அதற்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாய். இறைத்தேன் அம்மா, ஆனால் நம் முறைப்படி இல்லை. அதை விளக்கமாக எழுதினால்தான் உனக்கு மனம் ஆறும்.

இங்குள்ள பௌத்தர்களுக்கும் முன்னோர் நாள் ஒன்று உண்டு. அவர்களுடைய பத்தாம் மாதத்து அமாவாசை அது. பெரும்பாலும் நம் மகாளய அமாவாசையை ஒட்டியே வருகிறது. கணவரை இழந்த எதிர் வீட்டு அம்மாள், அன்று காலை விகாரைக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்.

பிக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் உணவைப் படைத்துவிட்டுக் கும்பிட்டார். வாங்கிய பிக்கு நன்றி சொல்லவில்லை, பதிலுக்குக் கும்பிடவுமில்லை. கொடுக்க வாய்த்ததற்குக் கொடுத்தவர்தான் நன்றி காட்ட வேண்டுமாம். தினமும் விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலுடன் வந்து உணவு ஏற்பதை இவர்கள் 'பிந்தபாத்' என்கிறார்கள். நம் பிண்டம்தான் அது. நாம் இறந்தவருக்கு வைக்கும் உருண்டைக்குச் சொல்லும் சொல்லை, இவர்கள் உயிரோடிருக்கும் துறவியின் பாத்திரத்தில் விழும் சோற்றுக்குச் சொல்கிறார்கள்.

பிறகு அந்த அம்மாள் ஒரு சிறிய பித்தளைச் செம்பை என் கையில் கொடுத்தார். கீழே ஒரு கிண்ணம். பிக்குகள் பாலி மொழியில் ஓதத் தொடங்கியதும் நீரை விட்டு விட்டு ஊற்றாமல் மெல்லிய இழையாக ஊற்ற வேண்டும். நான் ஊற்ற, அந்த அம்மாள் இரண்டு விரல்களால் என் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தார். தொடுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. ஓதியதில் 'பேதானம்' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. பிரேதம் என்கிறோமே, அதே சொல். நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவது போல, இங்கே கொடுப்பது இறந்தவர்களைச் சென்று சேர்கிறது என்பது அதன் பொருள். முடிந்ததும் கிண்ணத்து நீரை ஒரு மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினோம். அப்பாவின் பெயரை மனதுக்குள் சொன்னேன்.

ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆன்மா என்று ஒன்று இல்லை என்பதுதானே புத்தருடைய போதனை? அப்படியானால் இந்த நீர் யாருக்கு?

அப்பா போன அன்று பெரியப்பா கீதையில் உள்ளதைச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? நைந்த துணியைக் களைந்துவிட்டுப் புதியதை உடுத்துவது போல ஆன்மா உடல் மாறுகிறது என்று. அதைக் கேட்ட பிறகுதான் நீ சற்று அடங்கினாய். உடுத்துகிறவர் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. இவர்களோ, துணி உண்டு, உடுத்துகிறவர் என்று தனியாக ஒருவர் இல்லை என்கிறார்கள். மணிமேகலை இதை அழகான தமிழில் சொல்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இந்த ஐந்தின் சேர்க்கையைத்தான் நாம் ஆள் என்று எண்ணிக்கொள்கிறோம்.

முதிய பிக்கு ஒருவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தாய்லாந்து மொழியில் கேட்டேன். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் என்ற பிக்கு அந்தக் காலத்தில் சொன்ன விடையையே சொன்னார். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் பழைய சுடர் இடம் பெயர்ந்து போவதில்லை. ஆனால் முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது எரிந்திருக்காது. ஆன்மா கடந்து போகாமலே வினை தொடர்கிறது. "சரி, நான் ஊற்றிய நீர்?" என்றேன். "பெறக்கூடிய இடத்தில் அவர் இருந்தால் சேரும். இல்லாவிட்டாலும் கொடுத்தவனுக்கு அது வீணாகாது" என்றார்.

இரண்டு மதமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வினை, மறுபிறவி, பற்றை அறுப்பது எல்லாம் பொதுதான். காமம், வெகுளி, மயக்கம் என்று வள்ளுவர் சொன்ன மூன்றையும் இவர்களும் மூன்று தீயாகச் சொல்கிறார்கள். அந்தத் தீ அணைவதுதான் இவர்களுக்கு 'நிப்பான்'. நாம் வீடு என்று சொல்லும்போது இறைவன் திருவடியைச் சேர்வதை நினைக்கிறோம். சேர ஓர் உயிரும் சேர்த்துக்கொள்ள ஒருவனும் நமக்கு வேண்டும். எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது அம்மா. ஆனாலும் விளக்கு உவமையைக் கேட்ட இரவு, பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

கோயில் இல்லாத ஊர் என்று கவலைப்படாதே. நான்முகப் பிரமனுக்கு 1956இல் நாற்சந்தியில் எழுப்பிய சன்னிதியில் பௌத்தர்கள் மாலை சார்த்துகிறார்கள். 1784இல் கட்டிய தேவஸ்தானத்தில் இந்நாட்டு அரசவைப் பிராமணர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய திரியம்பவாய் விழாவின் பெயர் நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது. அந்தப் பாசுரங்களை இன்றும் ஓதுகிறார்கள். சொற்கள் உருமாறிவிட்டதால் தமிழ் என்று பிடிபடாது. பொருள் தெரியாமல் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

தை அமாவாசைக்கு நம் முறைப்படியே தர்ப்பணம் செய்து வைக்க ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று தலைமுறைப் பெயர் கேட்கிறார். அப்பா பெயரும் தாத்தா பெயரும் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் என்ன? உனக்குத் தெரியாவிட்டால் பெரியப்பாவிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

எதிர் வீட்டு அம்மாளின் கணவர் பெயரையும் அன்று சொல்லலாமா என்று அவரையே கேட்டுப் பார்த்தேன். சொல்லலாம் என்றார்.

உன் அன்பு மகன்