பழைய பிரஸ்ஸைப் பிரிக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுட்ட தோட்டா உறையை மறுபடி நிரப்புகிற உன் பழைய பிரஸ்ஸின் படங்களை நீ அனுப்பியிருந்தாயே, பெரிதாக்கிப் பார்த்தேன். நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பெயிண்ட் உரிந்திருக்கிறது, கைப்பிடியில் துரு ஏறியிருக்கிறது, கைப்பிடியின் விசையைக் கடத்துகிற லிங்க் தண்டுகளின் மூட்டுகளில் பழைய எண்ணெய் கெட்டித்துப் பிசினாகியிருக்கிறது. கைப்பிடி பாதியில் மாட்டுகிறது என்கிறாயே, அதற்கு இந்தப் பிசினே போதும். உடல் வார்ப்பிரும்பு. விரிசல் விடாதவரை அது உன் காலத்தையும் தாண்டி நிற்கும். ஆனால் தெரிந்த பட்டறையில் கொடுத்து மணல் அடித்து, புதுப் பெயிண்ட் பூசி வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே, அதை மட்டும் நடக்கவிடாதே. அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். தோட்டாவை மறுபடி நிரப்பும் பிரஸ்ஸில் பார்க்க ஆயிரம் இருந்தாலும், அதன் உயிர் இரண்டே இடத்தில்தான். மேலும் கீழும் போய்வருகிற ரேம், அது ஏறி இறங்குகிற துளை. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் ஒரு படலமாக நிற்கும் அளவுக்குத்தான் இடைவெளி. பழைய பிரஸ்கள் பலவற்றில் அந்தத் துளைக்குள், தேய்ந்தால் மாற்றுகிற உள்வளையமான புஷ் தனியாகக் கிடையாது. உடலிலேயே துளைத்து மட்டப்படுத்தியிருப்பார்கள். லிங்க் போனால் மாற்றலாம், மூட்டில் இருக்கிற பின் போனால் கடைந்துகொள்ளலாம், கைப்பிடிக்கு ஒரு இரும்புத் தடியே போதும். துளை தேய்ந்தால் மாற்ற ஒன்றுமில்லை. மணல் அடிக்கிறவன் எவ்வளவு கவனமாக மூடிக் கட்டினாலும் நாலு துகள் அந்தத் துளைக்குள் போய்ச் சேரும். அப்புறம் ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் அது அரைத்துக்கொண்டே இருக்கும். அழுக்கை எடு, துருவை எடு. உலோகத்தை மட்டும் எடுக்காதே. பளபளப்பாக்குகிற ஆசையே இங்கே வேண்டாம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் மேஜையைக் காலி செய். வெடிமருந்து டப்பா, பிரைமர் பெட்டி (தோட்டா உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடிதான் பிரைமர்), பாதி நிரப்பிய தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிறகு ஒரு டார்ச்சை எடுத்து ரேமின் காடிக்குள் பார். ரேமின் நடுவே நீளவாக்கில் ஒரு காடி இருக்கும். பிரைமர் ஏற்றுகிற கை மடங்கி அதற்குள்தான் நுழையும், சுட்டுத் தீர்ந்த பிரைமர் விழுவதும் அந்த வழியில்தான். வருஷக்கணக்கில் சேர்ந்த கரிக்குள் சுடாத பிரைமர் ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. அதன் முகத்தில் துப்பாக்கியின் ஊசி குத்திய குழி தெரிந்தால் அது தீர்ந்தது. வழவழவென்று இருந்தால் உயிருள்ளது என்றே எடுத்துக்கொள். பிரைமர் தட்டையும், பிரஸ்ஸின் அடிப்பாகத்தையும், மேஜைக்குக் கீழேயும் இதே மாதிரி பார். உயிருள்ள ஒன்று எங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் குத்திக் கிளறாதே, சுத்தியலால் தட்டாதே, சூடு காட்டாதே. எண்ணெயில் ஊறினால் பிரைமர் செத்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். காய்ந்த பிறகு வெடித்த பிரைமர்கள் உண்டு. அப்படியே விட்டுவிட்டு எனக்கு போன் செய்.

அடுத்தது அந்தக் கரி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், வீட்டில் குட்டி தவழ ஆரம்பித்துவிட்டான் என்பதால். சாதாரண பிரைமருக்குள் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு போன்றவை. வெடித்த பிறகு மிஞ்சுகிற சாம்பல் நிறத் தூளில் ஈயம் இருக்கிறது. சுட்ட பிரைமரை உறையிலிருந்து தள்ளும்போது அந்தத் தூள்தான் ரேம் மேலும் லிங்க் மேலும் கொட்டுகிறது. கையில் ஒட்டும், நகக்கண்ணில் தங்கும், சட்டையோடு படுக்கை வரை வரும். குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கிடையாது. அதனால் துடைப்பம் போடாதே, காற்றடித்துச் சுத்தம் செய்யாதே. காய்ந்த தூளைக் கிளப்பவே கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடு. கையுறை போடு. அந்த வேலைக்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கி, அதைத் தனியாகத் துவை. சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதே. மண்ணெண்ணெயும் கரியும் கலந்த அழுக்கைச் சாக்கடையிலும் ஊற்றாதே. மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, ஆபத்தான கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அவன் அழுதாலும் சரி.

சரி, பிரிக்கலாம். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடு. லிங்க் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் இத்தனை வருஷம் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கமே தேய்ந்து பழகியிருக்கும். இடம் மாற்றிப் போட்டால் நேற்றுவரை இல்லாத ஆட்டம் புதிதாக வரும். இடது லிங்க்கில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்துவிடு. ரேமின் எந்தப் பக்கம் உன்னைப் பார்த்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்.

முதலில் உறைக்கு வடிவம் தருகிற டை, ரேமின் தலையில் உறையைப் பிடிக்கிற ஷெல் ஹோல்டர், பிரைமர் கை, தூள் விழும் தட்டு என்று எளிதாக வருவதையெல்லாம் எடு. பிரைமர் கையில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், கழற்றும்போதே ஒரு கிண்ணத்தில் போடு. ஷெல் ஹோல்டரைப் பிடித்து நிறுத்துகிற கம்பி ஸ்பிரிங் ரேமின் தலையைச் சுற்றி ஒரு பள்ளத்தில் இருக்கும். அது நன்றாக இருந்தால் தொடவே தொடாதே. கைப்பிடி மரையில் இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டு நீளக் குழாயைச் செருகித் திருகினால் மரை போய்விடும்.

பின்களை நிறுத்தியிருப்பது சில பிரஸ்களில் பள்ளத்தில் மாட்டுகிற ஸ்பிரிங் வளையமான சர்க்ளிப், சிலவற்றில் ஆலன் திருகு. சர்க்ளிப் என்றால் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதே. தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, கண்ணுக்குத் தப்பினால் மேஜைக்குக் கீழே தேடி முதுகு போகும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை அந்த இடத்தின் மேல் கவிழ்த்து, பைக்குள் கையை விட்டுக் கழற்று. தெறித்தாலும் பைக்குள்தான் விழும்.

பின்னைத் தட்டும் முன் அதன் முனையை விரலால் தடவிப் பார். யாராவது முன்பு இரும்புச் சுத்தியலால் நேராக அடித்திருந்தால் முனை காளான் மாதிரி விரிந்திருக்கும். அப்படியே தட்டினால் விரிந்த விளிம்பு லிங்க்கின் துளையைக் கிழித்துக்கொண்டு வரும். விரிந்ததை மட்டும் அரத்தால் சீவிவிட்டு, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டு. உலோகத்தை எடுக்காதே என்றேனே, அதற்கு விலக்கு இந்த ஒரு இடம்தான். பின் வெளியே வந்ததும் ரேம் சட்டென்று தளர்ந்துவிடும். ஒரு கை அதைத் தாங்கியே இருக்கட்டும். கீழே விழுந்தால் அடிபடுவது ஷெல் ஹோல்டர் நுழைகிற உதடு, அது வளைந்தால் பெரிய தலைவலி. ரேம் மாட்டினால் முறுக்கி முறுக்கி உருவு, அடிக்காதே.

கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவை. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி எங்கோ இருக்கிற நெருப்பைத் தேடிப் போய்ப் பற்றும். பிசின் இளகிய பிறகு நைலான் பிரஷ் போதும். காடிக்குள் மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டலாம். உடலின் துளைக்குள் சுத்தமான துணியைச் சுருட்டி விட்டு இழு, துணி வெள்ளையாக வருகிற வரைக்கும்.

இங்கே பழைய பிரஸ்ஸுக்கே உரிய ஒரு விஷயம். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் கலந்த பிரைமர்தான் இருந்தது. அது வெடித்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, கிட்டத்தட்ட நம் உப்புக்கு அண்ணன் தம்பி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அப்படிப்பட்ட உறைகளைத் தள்ளிய பிரஸ் என்றால் உப்பு காடியில் இருக்கும். மண்ணெண்ணெயில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது போகாது, எண்ணெயில் உப்புக் கரையாது. உன் படத்தில் மற்ற இடமெல்லாம் சுமாராக இருக்க, காடியின் ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருப்பது எனக்கு அந்தச் சந்தேகத்தைத்தான் தருகிறது. ரேமை மட்டும் ஒரு பழைய வாளியில் சோப்புக் கலந்த சுடுதண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிடு. தண்ணீரா என்று தயங்காதே. உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து.

மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் மிக மெல்லிய ஸ்டீல் உல்லும் போதும், 0000 என்று நாலு சுழி போட்டு விற்கிற ரகம். உப்புத்தாளை ரேம் பக்கம் கொண்டுபோகாதே. அரித்த புள்ளி குழியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். குழி மறைகிற வரை தேய்த்தால் குழியைச் சுற்றியிருக்கும் நல்ல உலோகமெல்லாம் போய், ரேம் இளைத்துவிடும். குழியில் எண்ணெய்தான் நிற்கப்போகிறது, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உடலுக்கு வெளியே பெயிண்ட் உரிந்த இடத்தில் மட்டும் வேண்டுமானால் தூரிகையால் தொட்டுக்கொள், துளைக்கும் மரைக்கும் தூரமாக.

டை ஏறுகிற மரை இப்போது எல்லாரும் வைக்கிற அளவுதான், 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி. அதனால் இன்று வாங்குகிற டையும் இந்தக் கிழட்டு பிரஸ்ஸில் ஏறும். பிரஷ் போட்டு அழுக்கை எடுத்தால் போதும். டையை முதலில் கையாலேயே திருகு. கை நின்ற இடத்தில் ஸ்பேனரைத் தேடாதே, வெளியே எடுத்து மரையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்.

பூட்டும்போது எண்ணெய் விஷயத்தில் தாராளம் காட்டாதே. எண்ணெயும் கரியும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கிற பசை மாதிரி உலோகத்தை அரைக்கும். சில பிரைமர்களில் உராய்வுக்காகக் கண்ணாடித் தூள்கூடச் சேர்ப்பார்கள், அதனால் அந்தக் கரியை மெத்தென்று நினைக்காதே. ரேமில் மெல்லிய மெஷின் ஆயில் தடவி, பத்து முறை ஏற்றி இறக்கி, வெளியே வருவதைத் துடைத்துவிடு. விரலில் ஈரம் தெரிய வேண்டும், வழியக் கூடாது. லிங்க் பின்களுக்குக் கொஞ்சம் கிரீஸ். கைப்பிடி மரைக்கும் ஒரு தடவல், அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார். துரு இளக்க என்று டப்பாவில் அடித்து வருகிற ஸ்பிரேயை மசகாக நம்பாதே, அது கழற்றுவதற்கு நல்லது, ஓடுவதற்கு அல்ல. கடைசியில் ஷெல் ஹோல்டரையும் பிரைமர் கையின் கிண்ணத்தையும் எண்ணெய் சுத்தமாகப் போகும்வரை துடைத்துவிடு. எண்ணெய் பட்ட பிரைமர் வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். அந்த மாதிரிப் பிரைமர் துப்பாக்கியில் ஏறவே கூடாது.

ரேம் நேராக ஏறுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. டையை ஷெல் ஹோல்டர் தொடுகிற அளவுக்கு இறக்கு. மெல்லிய தாளில் இரண்டு கீற்று வெட்டி, டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே இடமும் வலமும் வைத்து ரேமை மெல்ல ஏற்று. இரண்டையும் ஒரே சமயத்தில் இழு. இரண்டும் ஒரே மாதிரி பிடித்தால் நேராக இருக்கிறது. ஒன்று இறுகி மற்றது வழுக்கினால் ஷெல் ஹோல்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி பார், அது தன் இடத்தில் சற்று ஆடும். அப்போதும் அதே பக்கம் வழுக்கினால் துளையின் வாய் தேய்ந்திருக்கலாம். அதற்காகக் கவலைப்படாதே. உறை டைக்குள் நுழையும்போது தானே நடுவைத் தேடிக்கொள்ளும், கொஞ்சம் ஆட்டம் இருந்தால் அதற்கு வசதிதான். தாள் கிழிகிற அளவுக்கு ஒரு பக்கம், காற்றுப் போகிற அளவுக்கு இன்னொரு பக்கம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

மேஜையில் பூட்டும்போது மரத் திருகு போடாதே. பலகையைத் துளைத்து போல்ட் விட்டு, அடியில் அகலமான இரும்புத் தகடு கொடுத்து நட்டை இறுக்கு. கைப்பிடியை அழுத்தும்போது பலகை வளைந்தால் பிரஸ்ஸில் கோளாறு என்று தோன்றும், கோளாறு பலகையில்தான்.

சர்க்ளிப் ஒன்று உடைந்திருக்கிறது போலப் படத்தில் தெரிகிறது. பின்னின் விட்டம், பள்ளத்தின் அகலம், பள்ளத்தின் அடி விட்டம், இந்த மூன்றையும் வெர்னியரில் அளந்து அனுப்பு. இங்கே என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, பொருந்துவதாக நாலைந்து எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா