150 இறாத்தல் புகையிலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில், அமெரிக்காவின் ஆதிக் குடியேற்றம் ஒன்றில் நடக்கிற ஆங்கிலக் காதல் நாவலைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். 400 வருசத்துக்கு முந்திய வெள்ளைக்காரரின் காதலால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு என்ன பிரயோசனம், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதின் சாரம். அந்த நாவலை நானும் வாசித்தேன். கனடாவிலிருந்து லீவுக்கு வந்த பெறாமகள் விட்டுப் போன புத்தகம். மூன்று இரவில் முடித்தேன், நாலாவது இரவு நித்திரை வரவில்லை. நாவலில் பிழையே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது எங்களுக்குச் சம்பந்தமில்லாத கதை என்பதை என்னால் ஏற்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது வேர்ஜீனியாவில், ஜேம்ஸ்டவுனில். 1607 இல் ஆங்கிலேயர் போய் இறங்கிய இடம். 1609 மாரியில் பட்டினியால் செத்துச் செத்து அறுபது பேரளவில்தான் மிஞ்சினார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்தியது தங்கமும் இல்லை வெள்ளியும் இல்லை, ஜோன் ரோல்ஃப் என்பவர் 1612 அளவில் நட்டுப் பார்த்த புகையிலை. அதற்குப் பிறகு ஊரே புகையிலையாகிவிட்டது. தெருவிலும் சந்தை வெளியிலும்கூட நட்டார்களாம். ஆனால் வந்த ஆண்களில் அநேகம் பேர் தனிக்கட்டை. உழைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள் என்று பயந்து, குடியேற்றத்தை நடத்திய வேர்ஜீனியாக் கம்பனி 1620 இல் 90 பேரளவிலும் 1621 இல் இன்னும் ஐம்பது சொச்சம் பேருமாக லண்டனிலிருந்து பெண்களைக் கப்பலேற்றியது. ஒருத்தியைக் கட்டுகிறவன் அவளுடைய பயணச் செலவைக் கம்பனிக்குத் திருப்பித் தரவேண்டும். காசு புழங்காத ஊர், ஆகவே புகையிலையாகவே தரவேண்டும். முதலில் 120 இறாத்தல் என்றார்கள், பிறகு 150. அதுவும் முதற்தர இலை. நாவலின் நாயகி அந்த 1621 ஆம் ஆண்டுக் கப்பலில் வருகிறாள்.

அந்த 150 இறாத்தல் என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 68 கிலோ. நான் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் புகையிலைத் தோட்டக்காரனின் மகளாகப் பிறந்தவள், 68 கிலோ நல்ல இலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெரியண்ணா துலா மிதிக்க, ஐயா பட்டை பிடித்து இறைக்க, அம்மா பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவா. விடிய எழும்பி இலையைப் புரட்டிப் புழு எடுக்கிற வேலையும், பக்கக் குருத்து முறிக்கிற வேலையும் பிள்ளைகளான எங்களுடையது. முறிக்க முறிக்க விரலில் ஒரு பிசின் பிடிக்கும், காய்ந்து கறுத்துவிடும், சவர்க்காரம் போட்டாலும் போகாது, அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் சோறே கைக்கும். வெட்டி வாட்டி, குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டைப் புகை போடுவார்கள். அந்த நாட்களில் என் தலைமயிரில் புகை நாற்றம் போகவே போகாது, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிறவள் மூக்கைப் பொத்துவாள். பிறகு பாடம் போட்டு, சிப்பம் கட்டி, வியாபாரி வரும்வரை காவல். அவர் வந்து ஈரம் இருக்கிறது, ஓட்டை இலை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கழிப்பார். ஐயா ஒன்றும் பேசமாட்டார்.

1971 இல் பெரியக்காவின் கலியாணம். இரண்டு போகப் புகையிலை அவவின் சீதனத்துக்குப் போனது. மூன்று பரப்புக் காணி வேறு. அங்கே ஆம்பிளை புகையிலையைக் கொடுத்துப் பெண்ணை எடுத்தான், இங்கே நாங்கள் புகையிலையை விற்றுப் பெண்ணையும் கொடுத்துக் காசையும் கொடுத்தோம். ஒரே இலைதான். அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த அந்த இலை ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது, எத்தனை தலைமுறைப் பெண்களின் கலியாணம் அதில் ஒப்பேறியது என்பது யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்குத் தெரியும். இப்படிப்பட்ட எங்களைப் பார்த்து உங்கள் எழுத்தாளர் எப்படி ஐயா கேட்கிறார், உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று?

இன்னொன்று. அந்த 1621 ஆம் ஆண்டுப் பெண்களைப் பற்றிக் கம்பனிக்காரர் எழுதிய பட்டியல் இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. வயது, தகப்பன் யார், என்ன தொழில், பெண்ணுக்கு என்னென்ன வேலை தெரியும். ஒருத்திக்கு நூல் நூற்கவும் தைக்கவும் பாண் சுடவும் வெண்ணெய் கடையவும் தெரியும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஞாயிறு இதழிலேயே நாலு பக்கம் தள்ளி மணமகள் தேவை என்று வருகிற விளம்பரங்களைப் பாருங்கள். நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை, என்னுடைய கலியாணமும் அப்படி ஒரு தாளில் தொடங்கியதுதான். ஆனால் நாவலாசிரியை அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறா. கம்பனி ஒரு நல்ல காரியமும் செய்திருந்தது, கலியாணம் பெண்ணின் விருப்பப்படி நடக்கவேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தது. நாயகி அதைப் பிடித்துக்கொண்டு, புகையிலையோடு முதலில் வந்து நின்றவனை வேண்டாம் என்கிறாள். எல்லாருக்கும் முன்னால், கை நடுங்க. அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே இந்த நாவலை எங்கள் பிள்ளைகள் வாசிக்கலாம். பெரியக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகுதான் அவவுக்கே தெரியும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். சின்னது முதலில். நாயகன் காலையில் பச்சை இலை ஒடிக்கிறான், பொழுதுபட அதைப் பீப்பாவில் அடைக்கிறான். பச்சை இலையை அடைத்தால் மூன்றாம் நாள் அழுகிப்போகும். அங்கேயும் உணர்த்தித்தான் அடைத்தார்கள். ஆசிரியை ஒரு தோட்டக்காரனிடம் கேட்டிருக்கலாம்.

அடுத்தது பொக்கஹொண்டாஸ், அந்த மண்ணின் ஆதிக்குடிகளான பொவ்ஹாட்டன் மக்களின் தலைவருடைய மகள். பொக்கஹொண்டாஸும், முதலில் வந்த ஆங்கிலேயரில் ஒருவரான ஜோன் ஸ்மித்தும் காதலித்ததாக நாயகிக்கு ஒரு கிழவி கதை சொல்கிறாள். ஸ்மித் வந்த காலத்தில் அவள் பதினொரு வயதளவுப் பிள்ளை. உண்மையில் நடந்தது வேறு: 1613 இல் ஆங்கிலேயர் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், ஞானஸ்நானம் கொடுத்து ரெபெக்கா என்று பெயர் மாற்றினார்கள், 1614 இல் அந்தப் புகையிலைக்கார ரோல்ஃப் கட்டினார், இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1617 இல் அங்கேயே செத்துப்போனாள். பெயர் மாற்றி ஞானஸ்நானம் கொடுத்த கதை எங்களுக்குப் புதிதா? நூறு இடத்தில் சொன்ன பொய்யைத் திரும்பச் சொல்லாமல், அந்தப் பிள்ளையின் உண்மைக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

1622 மார்ச்சில் பொவ்ஹாட்டன் மக்கள் தாக்கியதில் 347 குடியேறிகள் செத்தார்கள். நாவலின் உச்சக் கட்டம் அதுதான். ஆனால் ஏன் தாக்கினார்கள் என்று ஒரு பக்கம்கூட இல்லை, காட்டிலிருந்து ஏதோ பேய் வந்தமாதிரி எழுதியிருக்கிறா. காரணமும் புகையிலைதான். அது மண்ணைத் தின்னும் பயிர். மூன்று நாலு போகத்தில் மண் செத்துவிடும். எங்களுக்குப் போக வேறு காணி இல்லாதபடியால் பூவரசங் குழை வெட்டித் தாழ்த்து, மாட்டுப் பட்டி கட்டி, அதே மண்ணைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்தோம். அவர்கள் செத்த மண்ணை விட்டுவிட்டு அடுத்தவனின் சோளக் காணிக்குள் போனார்கள்.

இப்போது பெரிய குறை. 1619 ஓகஸ்டில் வேர்ஜீனியாவுக்கு இருபது சொச்சம் ஆப்பிரிக்கர் கொண்டுவரப்பட்டு, உணவுக்குப் பண்டமாற்றாக விற்கப்பட்டார்கள். அங்கோலாவிலிருந்து ஒரு போர்த்துக்கேயக் கப்பலில் ஏற்றப்பட்டு, அதை மறித்துக் கொள்ளையடித்த ஆங்கிலக் கப்பல்காரரால் கரைக்கு வந்தவர்கள். அதே 1619, அதே போர்த்துக்கேயர்! அந்த வருசம் ஜூனில்தான் பிலிப் தெ ஒலிவேறாவின் படை யாழ்ப்பாண இராச்சியத்தை முடித்தது. கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அடுத்த இரண்டு வருசத்தில் நல்லூர்க் கோயிலையும் இடித்தார்கள். ஒரு கடலில் அவர்கள் ஆட்களை ஏற்றினார்கள், இன்னொரு கடலில் இராச்சியத்தை எடுத்தார்கள். 1635 ஆம் ஆண்டு வேர்ஜீனியக் காணிப் பதிவு ஒன்றில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒருவர் இருக்கிறார், அவரைக் கொண்டுவந்ததற்காக எசமானுக்கு 50 ஏக்கர் உரிமை. எங்கள் பக்கத்துக் கடலிலிருந்தும் ஆட்கள் அங்கே போயிருக்கிறார்கள்.

1620 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 32 ஆப்பிரிக்கர், அதில் 17 பேர் பெண்கள். அவர்களுக்கு என்ன வேலை தெரியும் என்று ஒருவரும் பட்டியல் எழுதவில்லை, விருப்பமா என்றும் கேட்கவில்லை. ஆஞ்செலா போன்ற ஒரு சிலரின் பெயர்கள் மட்டும் பிறகு வந்த கணக்குகளில் தப்பிக் கிடக்கின்றன. இந்த நாவலில் நாயகனின் தோட்டத்தில் 'வேலைக்காரி ஒருத்தி' இரண்டு இடத்தில் வருகிறாள், தண்ணீர் கொண்டுவருகிறாள், போய்விடுகிறாள். பெயர் இல்லை. அன்றைக்குத் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்தத்தில் வந்த ஏழை ஆங்கிலேயர்தான் என்பதும் உண்மை, அவர்களையும் நாவலில் காணவில்லை. புகையிலை தானாக முளைத்துத் தானாக 150 இறாத்தல் ஆனதுமாதிரி.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஐயாவின் கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இடப்பெயர்விலெல்லாம் அம்மா அதை உறுதிக் கட்டோடு சேர்த்துச் சுமந்துகொண்டு திரிந்தவ. மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், குழை எத்தனை வண்டில், சிப்பம் எத்தனை என்று எல்லாம் இருக்கிறது. அதற்குள் 'கொத்து ஆள் 4', 'புகைபோட ஆள் 2'. பெயர் இல்லை. அந்த ஆட்களுக்கு எங்கள் வீட்டில் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்ததை நான் கண்ணால் கண்டவள், கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். 1707 இல் ஒல்லாந்தர் எழுதுவித்த எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனத்துக்கு ஒரு பகுதி இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம், அடிமைகளுக்கும் ஒரு பகுதி இருப்பதைச் சொல்வதில்லை. எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிற நாவலாசிரியையைக் குற்றம் சொல்ல வந்த எனக்கு அந்தக் கொப்பியை மூட மனம் வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, யாழ்ப்பாணச் சரித்திரக் கதை என்றால் எங்களவர்கள் சங்கிலியனின் வாளோடு தொடங்கி வாளோடு முடிக்கிறார்கள். கோயில் இடிந்த அடுத்த வருசம் நல்லூரில் ஒரு பெண் யாரைக் காதலித்தாள், யாரைக் கட்டினாள், புதுப் பயிரென்று வந்த புகையிலையை முதலில் நட்டவன் யார், அவன் தோட்டத்தில் கொத்தியவன் யார், கொத்தியவனின் மகள் யாரைப் பார்த்துச் சிரித்தாள்? ஒல்லாந்தரின் தோம்புகள் என்கிற பதிவேடுகளில் காணியும் ஆட்களின் பெயர்களும் கிடக்கின்றன, தேடுகிறவருக்கு நாவல் எழுதப் போதுமான அளவு. காதல் கதையாகவே எழுதட்டும். காதல் கதை என்றால்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் வைத்தாவது வாசிப்பார்கள். அப்படி ஒன்றை உங்கள் ஞாயிறு இதழில் தொடராக வெளியிட இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத முன்வருகிறவருக்கு ஐயாவின் கொப்பியைக் காட்ட நான் தயார், உங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் முகவரி கிடைக்கும். 'ஆள் 4' என்ற இடத்தில் எனக்கு நினைவுள்ள மூன்று பேரின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். நாலாவது ஆள் இடது கையால் மண்வெட்டி பிடிப்பவர், மத்தியானத்தில் பாடுவார், பெயர் நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதை வாசித்தால் தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்,
நீர்வேலி.