எந்த மகசீர் என்று எழுதிவிட்டு ஆற்றில் விடுங்கள்

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மீன்குஞ்சு விடும் பொறுப்பில் இருக்கும் மூன்று மாநில மீன்வளத்துறை, வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு செய்திப் படம் என் கைப்பேசிக்கு வந்தது. ஆற்றங்கரையில் பந்தல், மாலை, வரிசையாகப் பெரியவர்கள். ஆக்சிஜன் அடைத்த பைகளைப் பிரித்துக் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறார்கள். "அழிவின் விளிம்பில் உள்ள மகசீர் மீன்குஞ்சுகள் விடப்பட்டன" என்று கீழே எழுதியிருந்தது. எந்த மகசீர் என்று மட்டும் எங்கும் இல்லை. எந்த ஊர் விழா என்று இங்கே சொல்லப்போவதில்லை, அந்த ஊரை மட்டும் குறைசொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். பதிவேட்டைக் காட்டினார்கள், அதற்கு நன்றி. தேதி, இடம், எண்ணிக்கை எல்லாம் இருந்தது. வந்திருந்த விருந்தினர் பெயர்கூட இருந்தது. இனம் என்ற கட்டத்தில் 'மகசீர்' என்று ஒரே சொல். "எல்லாம் மகசீர்தானே சார்" என்றார் அங்கிருந்தவர்.

இல்லை சார். மகசீர் என்பது ஒரே மீனின் பெயரல்ல, பெரிதாக வளரும் ஆற்றுக் கெண்டைகளில் பல இனங்களுக்குப் பொதுப்பெயர்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. திமில் மகசீர் காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியது, உலகில் வேறெங்கும் கிடையாது. 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. நீலத்துடுப்பு மகசீரோ கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தது. மகாராஷ்டிராவின் லோனாவாலா பொரிப்பகத்தில் 1970-களிலிருந்து அதைச் செயற்கையாகப் பெருக்கிப் பல மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள், காவிரிக்கும் வந்து சேர்ந்தது. கொடுத்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்துத் திரும்ப விட்ட மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, நீலத்துடுப்பு ஏற ஏறத் திமில் மீன் சிக்குவது குறைந்துகொண்டே போயிருந்தது. காவிரியின் கிளையாறான பாம்பாற்றில் கிடைத்த மீனுக்குச் சூட்டிய 'டோர் ரெமாதேவி' என்ற அறிவியல் பெயர் இந்தத் திமில் மீனுக்குத்தான் என்பதே 2018-இல்தான் உறுதியானது. பெயர் உறுதியான கையோடு 'மிகவும் அருகிய இனம்' என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது. நீலத்துடுப்பு அதற்குள் 'கவலைப்படத் தேவையில்லை' என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. ஊசி போட்டு முட்டையிட வைத்துப் பெருக்கிய மீன் பிழைத்துக்கொண்டது. ஊசி போடாத மீன் போய்க்கொண்டிருக்கிறது.

இதனால் செயற்கை இனப்பெருக்கமே வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைக்க வேண்டாம். அந்த வேலையில்தான் நானும் சோறு தின்றேன். 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற மீன் விஞ்ஞானி, மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த ஜூலை 10-ஐ ஆண்டுதோறும் மீன் விவசாயிகள் தினம் என்று மேடை போட்டுக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அந்த ஊசியை இன்றைக்கு எந்த மீனுக்குப் போடுகிறோம் என்பதையும் அதே மேடையில் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

மகசீரிடம் முட்டை எடுப்பது ரோகு, கட்லா மாதிரி இல்லை. தாய்மீன் பழுத்து நிற்கும் நேரம் கொஞ்சம்தான். வயிற்றை லேசாக நீவினால் மஞ்சள் முட்டைகள் உலர்ந்த கிண்ணத்தில் விழும். ஆண்மீனின் விந்தை அதன்மேல் விட்டு, கோழி இறகால் கலக்கி, அப்புறம்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீர் பட்ட விந்தணு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் நீந்தும். பொரிக்க மூன்று, நான்கு நாட்கள், அதுவரை ஓடும் தண்ணீர் நிற்கக் கூடாது. ரோகு ஒரு நாளுக்குள் பொரித்துவிடும்.

இதில் ஆளை வதைக்கும் இடம் ஒன்று உண்டு. பெண்மீன் பழுத்து நிற்கும், பக்கத்துத் தொட்டி ஆண்மீனில் ஒரு சொட்டு வராது. முட்டை முழுவதும் வீண். பண்ணை மீனுக்கே இந்தப் பாடு. திமில் மகசீர் மிச்சமிருக்கும் மாயாறோ முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுகிறது. யானை இறங்கும் கரையில் இருட்டும்வரை உட்கார முடியாது. எண்ணிச் சொல்லும் அளவுக்கே மீன்கள் இருக்கும் ஆற்றில், பழுத்த பெண்ணும் பழுத்த ஆணும் ஒரே நாளில் கைக்குக் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடுவது சூதாட்டம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கிடைக்கிற நாளில் ஆண்மீனின் விந்தை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால், பெண்மீன் எப்போது கிடைத்தாலும் பயன்படும். மீன்முட்டை பெரியது, மஞ்சள்கரு நிறைந்தது, அதை அப்படி உறைய வைக்க முடியாது. ஆனால் விந்தை முடியும். நீலத்துடுப்பு மகசீரிலேயே நம் ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். லக்னோவில் தேசிய மீன் மரபுவளப் பணியகம் இருக்கிறது, கொச்சியில் அதன் மையம் இருக்கிறது. ஜப்பானில் யோஷிசாகியின் குழு 2007-லேயே ஒரு மீனின் இனச்செல்லை, அதாவது முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகும் செல்லை, வேறொரு மீனின் உடலில் வைத்து, சால்மன் பெற்றோரிடமிருந்து டிரவுட் குஞ்சுகளை எடுத்துவிட்டது. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகத்தைப் பாருங்கள். கலனில் கிடக்கும் ஒவ்வொரு விந்துக்குச்சியிலும் காளையின் எண்ணும் இனமும் அச்சாகியிருக்கும். "எல்லாம் மாடுதானே" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஆற்றில் கொட்டும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு மட்டும் ஒரே சொல் போதுமா?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். எந்த இனம், தாய்மீனும் தந்தைமீனும் எந்த ஆற்றில் பிடித்தவை, எத்தனை இணைகள் என்று எழுதாமல் காவிரிப் படுகையில் ஒரு மகசீர் குஞ்சையும் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் தாய்மீனின் துடுப்போரத்தை நகக்கண் அளவு வெட்டி டிஎன்ஏ பாருங்கள். ஒரே இணையின் குஞ்சுகளைப் பத்தாயிரமாக விட்டாலும் அவை உடன்பிறப்புகள்தான்.

மின் நிலையத்துக்காக மாயாற்றில் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும், தோட்டா போட்டு மீன் பிடிப்பது, மணல் எடுப்பது எல்லாம் இருக்கும்போது குஞ்சு விட்டு என்ன பயன் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தத் துறைகளுக்குத் தனியாக ஒரு மடல் எழுதினால் அது மடலாக இருக்காது, வசவாகிவிடும். சீனாவின் யாங்சி ஆற்றில் கெசோபா அணை 1981-இல் குறுக்கே வந்தது. சீனத் துடுப்புமூக்கு மீனை 2003-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, 2022-இல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். சீனாவில் செயற்கை இனப்பெருக்கம் தெரிந்த ஆட்களுக்கா பஞ்சம்? ஊசி போட மீன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலியோடு திமில் மகசீருக்கும் நிதி ஒதுக்கியதை மறக்கவில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் பணத்தில் முதல் செலவாக மாயாற்று ஆண்மீன்களின் விந்தைச் சேமிக்கக் கேட்டுக்கொள்கிறேன். குஞ்சு பொரிப்பகம் கட்டுவது, கல்வெட்டு வைப்பது எல்லாம் அப்புறம் ஆகட்டும்.

அடுத்த மழைக்கு முன் மூன்று மாநிலங்களும் பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை இனம், ஆறு, இணை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். அதை நிரப்ப முடியாத விழாக்களைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
மீன்பண்ணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன்