பலாப் பலகைக்கு என்ன பூசுவது?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. போன வருடம் ஆடிக் காற்றில் சாய்ந்த பலா மரத்தை விறகுக்குக் கொடுக்காமல் அறுத்து வைத்தாயே, நல்ல காரியம். அதில் மருமகளுக்குக் காய்கறி வெட்டும் பலகை செய்யப் போகிறாய் என்று படித்ததும் என் மனைவி சிரித்துவிட்டாள். அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காத குடும்பம் அல்லவா உன்னுடையது!

இங்கே பெரிதாகச் செய்தி இல்லை. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது ரம்பம் கோட்டிலேயே போகிறது. மகள் ஓசூருக்கு மாற்றலாகிப் போகிறாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆசாரி வார்னிஷ் என்கிறார், உன் அண்ணன் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் என்கிறார், நீ தேங்காய் எண்ணெய் போதாதா என்கிறாய். முதலில் அண்ணனுக்கு: வேண்டவே வேண்டாம். கரையான் அண்டாதிருக்கக் கூரைக் கைமரத்துக்குப் பூசட்டும். தோலில் பட்டால் கொப்புளம் போடும் சரக்கு அது. முந்திரி ஆலையில் ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களை நீயே பார்த்திருப்பாய்.

ஆசாரி சொல்வதில் விஷம் இல்லை, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. நன்றாகக் காய்ந்த வார்னிஷ் யாரையும் கொல்லப் போவதில்லை. பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகக்கூட அரக்கைப் போடுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவை எல்லாம் மரத்தின்மேல் ஏடாகப் படிபவை. கத்தி விழுந்த இடத்தில் அந்த ஏடு கிழியும். கிழிசல் வழியே தண்ணீர் இறங்கி, காய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஓரம் செதில் செதிலாக உரிந்து வெண்டைக்காயோடு பொரியலுக்குப் போகும். வெட்டும் பலகைக்கு மரத்துக்குள் இறங்குகிற பூச்சுதான் வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் அப்படி இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகும். ஆனால் ஹார்டுவேர் கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று டின்னில் வருவதில், சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்ப்பது வழக்கம். அதைச் சமையலறைக்குள் விடாதே. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். 1991-இல் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணியால் எரிந்து, தீயணைப்பு வீரர்கள் மூவர் மாண்டார்கள்.

தேங்காய் எண்ணெய் காயவே காயாது. ஆனாலும் நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் அளவுக்குச் சீக்கிரம் காறாது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. தினமும் புழங்கும் பலகைக்குப் பரவாயில்லை. பரணில் போட்டு மாதக்கணக்கில் மறந்தால் வாடை வரும்.

நான் பூசுவது மருந்துக்கடை லிக்விட் பாரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுப்பதேதான், கடைக்காரர் உன்னைப் பரிவோடு பார்ப்பார், பொருட்படுத்தாதே. லேபிளில் ஐ.பி. என்று, அதாவது இந்திய மருந்துத் தர நூலின் குறி, இருக்க வேண்டும். மெக்னீசியாவும் மணமும் சேர்த்த வெள்ளைக் கலவையை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடு. நிறமும் மணமும் இல்லாத தெளிந்த எண்ணெய்தான் நமக்கு வேண்டியது. பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்தால் மருமகள் முகம் சுளிக்கலாம். காறிப்போகாத எண்ணெய் வேறு எது என்று கேள்.

பூசுமுன் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடு. நார் சிலிர்த்து எழும். அதை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடு. பிறகு எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தடவி, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடை. குறுக்கே அறுபட்ட இரண்டு முனைகளையும் கவனி. வைக்கோல் கட்டின் அறுத்த பக்கம்போல நார்கள் வாய் திறந்து நிற்பது அங்கேதான். ஊற்றிய எண்ணெய் கண்ணெதிரே மறையும். மறைவது நிற்கும்வரை ஊற்று. அடிப்பக்கத்தையும் விடாதே. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்து மேடையில் ஆடும்.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு தேன்மெழுகுக்கு நீ அலைய வேண்டியதில்லை. எடைக்கணக்கில் ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு பாரஃபின். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கு, நேர் தீயில் வைக்காதே. மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். ஆறிய பிறகு மேலே தேய்த்தால் தண்ணீர் முத்து முத்தாக உருளும். உருளாமல் பரவி மரம் கறுத்தால் மறுபடி எண்ணெய் காட்டு. இதற்குத் தேதி குறித்து வைக்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று மருமகள் வாதாடுகிறாளாமே. 1990-களில் அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியர் இரண்டையும் சோதித்தார். மரத்துக்குள் இறங்கிய கிருமிகள் பெருகாமல் குறைந்துபோயின. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது. ஆனாலும் மீனுக்குத் தனிப் பலகை வை. கழுவியதும் நிமிர்த்திச் சாய்த்து வைக்கச் சொல். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் நீ எழுதவில்லை. அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கினாயா? அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. உன்னுடையவை ஒன்றரை அங்குலம் என்றால், ஆசாரியை அடுத்த தை வரைக்கும் பொறுக்கச் சொல்.

அன்புடன்,
கோவையிலிருந்து உன் நண்பன்