நல்லூர்த் தேருக்கு இரண்டு நாள் முந்தியே வா

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

பேரன் பிறந்த செய்தி கிடைத்தது, மிகவும் சந்தோஷம். படம் அனுப்பிய நீ பெயரைச் சொல்லவில்லையே! அக்காவுக்கு இப்போது சுகம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நான்கு மாதமாக நான் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். காரணம் பெரியது, கேள்.

எங்கள் பள்ளிக்கூட நூலகம் வலையமைப்பில் சேரப் போகிறது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் புத்தகப் பட்டியல்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரும். நெடுந்தீவில் இருக்கும் ஒரு பிள்ளை, குறிகட்டுவானுக்குப் படகேறி ஒரு மணித்தியாலம் வந்து, அப்புறம் பஸ் பிடித்து, எந்த அலுமாரியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அலைய வேண்டியதில்லை. தன் பள்ளிக்கூடத்துக் கணினியிலேயே தேடிப் பார்த்து, வேண்டியதைக் கேட்டு எடுக்கலாம். மென்பொருளின் பெயர் கோஹா, இலவசம். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காகச் செய்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. அந்தப் பெயரைக் கேட்டபோதே எனக்குப் பிடித்துவிட்டது.

புதுப் புத்தகங்களில் கஷ்டம் குறைவு. பின் அட்டையில் இருக்கும், அந்தப் புத்தகத்துக்கே உரிய 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை அடித்தால், வேறு நூலகம் முன்பே செய்த பதிவு பல நேரம் வந்துவிடும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பழைய புத்தகங்களில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எண்ணே கிடையாது, எல்லாம் கையால் அடிக்க வேண்டும். அதிலும் பெயர்கள்! ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் கணபதிப்பிள்ளை, இன்னோரிடத்தில் கணபதிபிள்ளை. முதலெழுத்து ஒன்றில் 'சி.', மற்றதில் 'எஸ்.'. கணினி இவரை நான்கு ஆளாக்கிவிடும். நாங்கள் ஒரு மாதிரியும் பக்கத்துப் பள்ளிக்கூடம் வேறு மாதிரியும் அடித்தால், ஒன்றாகச் சேர்ந்தும் பயனில்லை. பெயர் எழுதும் முறையை எல்லோரும் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பு எண்ணில் பிரச்சினை இல்லை, தமிழ் இலக்கியத்துக்கு டூயி முறையில் 894.811 என்று எல்லோருக்கும் தெரியும். (இரண்டாயிரம் வருடத்து இலக்கியத்தைப் புள்ளிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருப்பது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.)

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவர் எழுந்து, "பழசையெல்லாம் கழித்துவிட்டுப் புதியதை மட்டும் ஏற்றுவோம், வேலை கெதியாய் முடியும்" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது, மச்சான். புதியது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கும். எங்களிடம் மட்டும் இருப்பது அந்தப் பழசுதானே? கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், செத்தவர் நினைவாக அந்தியேட்டியில் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள்: ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, யார் யாரை மணந்தார் என்பதை அவற்றை விட்டால் வேறு எங்கே தேடுவது? 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005இலிருந்து இப்படிப்பட்டவற்றை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. எங்கள் அலுமாரியில் இருப்பது பட்டியலில் வந்தால்தானே அவர்களுக்கும் தெரியும்?

1981இல் நமக்குப் பதின்மூன்று வயது. அந்த ஜூன் முதலாம் திகதிக் காலையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. எதை இழந்தோம் என்று நம் பெரியவர்கள் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத் திண்ணையில் இருந்து கேட்டோமே. ஒரு புத்தகம் எங்கே இருக்கிறதென்று நாலு இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு அந்தத் திண்ணையில்தான் வந்தது. கழிக்க விடமாட்டேன் என்று அதிபரிடம் நேரே சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷன். "விடுமுறை முடியும் முன் ஏற்றிக் காட்டுங்கோ, எல்லாவற்றையும் வைத்திருப்போம்" என்றார்.

இதற்குத்தான் நீ வேண்டும். பழைய பதிவேடு முழுக்கப் பண்டிதரின் கையெழுத்து. பாதிப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது, மீதி எனக்குப் புரியவில்லை. 'ண'வும் 'ன'வும் ஒரே சுழி. நீதான் அவருக்குப் பக்கத்தில் இருந்து மை தொட்டுக் கொடுத்தவன், உனக்கு வாசிக்க வரும். ஆயிரத்துச் சொச்சம் வரி இருக்கும். நீ வாசி, நான் அடிக்கிறேன்.

தேருக்கு எப்படியும் வருவாய். இரண்டு நாள் முந்தி வவுனியாவில் காலை பஸ் ஏறு. முன் அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். உன் வாசிப்புக் கண்ணாடியை மறக்காதே, போன முறை போல என்னுடையதை வாங்கிக்கொண்டு என்னை வேலை செய்யவிடாமல் பண்ணாதே. பேரனின் பெயரையும் உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்