கத்தி கழுவிய பெண்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் மகள் வீட்டு முகவரிக்கு வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. பேரனுக்குச் சளி, எனக்கு முட்டி வலி, வெளியே பனி. உன் மாடித் தோட்டத்தில் அவரை காய்த்திருக்கிறது என்று படித்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை சவுத் ஹாட்லிக்கு அழைத்துப் போனார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி இருக்கும் ஊர். கவிஞர் எமிலி டிக்கின்ஸன் 1847-48ல் அங்கேதான் படித்தாள். (அப்போது அவளுக்குப் பதினாறு வயது, அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.) அவள் இருந்த கட்டடம் 1896-ல் தீப்பிடித்து அழிந்துவிட்டது. நிறுவனர் மேரி லயனின் கல்லறை மட்டும் வளாகத்துக்குள்ளேயே, சுற்றி இரும்பு வேலியோடு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எமிலி அங்கிருந்து எழுதிய கடிதங்களை எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க நம் ஹாஸ்டல்தான் கண் முன்னால் வந்தது, போ!

ஒரு தோழிக்குத் தன் நாள் முழுவதையும் மணிக்கணக்கில் எழுதியிருக்கிறாள். ஆறு மணிக்கு எழ வேண்டும். ஏழுக்குச் சாப்பாடு, எட்டிலிருந்து படிப்பு, ஒன்பதுக்கு ஜெபம். 10.15-க்குப் பழங்கால வரலாறு ஒப்பிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் உடற்பயிற்சி. மதியத்துக்கு மேல் பாட்டு, பியானோ. 3.45-க்குத்தான் விஷயமே. எல்லாரும் பிரிவு பிரிவாகக் கூடி, அன்றைக்குத் தான் செய்த தப்பைத் தானே சொல்ல வேண்டும்: தாமதமாக வந்தது, மௌன நேரத்தில் பேசியது, அறைக்கு ஆள் வரவிட்டது. நம் வார்டனுக்கு இந்த யோசனை தோன்றாமல் போனது நம் அதிர்ஷ்டம். தோன்றியிருந்தால் நீ தினமும் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய். இரவு 8.45-க்குப் படுக்கை மணி. ஆனால் 9.45-க்கு இன்னொரு மணி அடிக்கும்வரை முதல் மணியை யாரும் மதிப்பதில்லையாம்.

வேலைக்காரர்கள் கிடையாது. சமையல், துவைப்பு, பெருக்கல் எல்லாம் மாணவிகளே. எமிலிக்கு விழுந்தது கத்தி. காலையிலும் மதியத்திலும் முதல் வரிசை மேஜைகளில் இருக்கும் கத்திகளை எடுத்துப் போக வேண்டும், இரவில் அத்தனையையும் கழுவித் துடைக்க வேண்டும். பெண்களுக்கு வீட்டு வேலை பழக்கத்தான் இந்த ஏற்பாடு என்று முதலில் நினைத்துக் கொஞ்சம் எரிச்சல்பட்டேன். அது தப்பு. வீட்டு வேலை கற்றுத் தருவது எங்கள் நோக்கமில்லை என்று மேரி லயனே சொல்லியிருக்கிறார். கட்டணத்தைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார். 1837 நவம்பரில் சுமார் 80 பெண்களோடு ஆரம்பித்தபோது படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 60 டாலர். அந்தப் பள்ளியை எழுப்ப ஒரு பச்சை வெல்வெட் பையோடு ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டிய மனுஷி அவர். தன் சம்பளமாக எடுத்துக்கொண்டது வருடத்துக்கு 200 டாலர்தான். அந்தக் குறைந்த கட்டணத்துக்கு எமிலி வேதியியலும் உடலியலும் படித்திருக்கிறாள். வேதியியலில் மேரி லயனே கெட்டிக்காரி. எமிலியின் அண்ணன் ஆஸ்டின் அப்போது படித்துக்கொண்டிருந்த ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் அந்தக் காலத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. இதையெல்லாம் படித்த பிறகு அந்தக் கத்திகள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மாணவிகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கை செய்தவர்கள், அந்த விசுவாசம் வரும் என்று நம்பிக்கை உள்ளவர்கள், அந்த நம்பிக்கையும் இல்லாதவர்கள். எமிலி மூன்றாவது பிரிவில். கூட்டம் கூட்டமாகத் தோழிகள் மனம் மாறியபோதும் அவள் நகரவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது லேசான காரியமா, சொல்லு!

சிரிக்க ஒன்று சொல்கிறேன். 1848 பிப்ரவரியில் வேலண்டைன் வாழ்த்து அனுப்பக் கூடாது என்று மேரி லயன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து தடை போட்டார். போன வருடமும் அங்கே இருந்த பெண்களுக்கு அவர் குணம் தெரியும். விடுமுறையிலேயே எழுதி ஒருவரிடம் கொடுத்து வைத்துவிட்டார்கள். தடை வருவதற்குள் சுமார் 150 வாழ்த்துகள் போய்விட்டன! எமிலி தானும் எழுதவில்லை, தனக்கும் வரவில்லை என்று அண்ணனிடம் குறைபட்டுக்கொள்கிறாள். அதற்கு முன்பு ஒரு கடிதத்தில் அவனிடமே, ஜனாதிபதி பதவிக்கு யார் நிற்கிறார்கள், மெக்ஸிகோ சண்டை முடிந்ததா என்று கேட்டிருக்கிறாள். உலகத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லையாம். நாம் ஹாஸ்டல் சுவரோரம் நின்று காவலாளியின் ரேடியோவில் செய்தி கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

1848 ஆகஸ்டில் அவள் ஆம்ஹர்ஸ்ட் ஊரிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். மறுபடி படிக்கப் போகவில்லை.

சரி, உன் மருமகளின் பரீட்சை என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. நான் 12-ஆம் தேதி கிளம்புகிறேன், பதிலை ஊர் முகவரிக்கே போடு. அவரை விதை கொஞ்சம் எடுத்து வை.

அன்புடன்,
கமலா